சத்ய சாய் கங்கா கால்வாய்

சத்ய சாய் கங்கா கால்வாய் என்பது ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து திருவள்ளூர் மாவட்டப் பூண்டி ஏரிக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் கால்வாய். மொத்த நீளம் 177 கி.மீ.; அதில் 152 கி.மீ. ஆந்திரத்தில் உள்ளது. சத்தியவேடு வட்டாரத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டையை அடுத்த தாமரைக்குப்பம் ஜீரோ பாயிண்டில் தமிழகத்துக்குள் நுழைகிறது. அரசு வெட்டிய கால்வாயை ஓர் ஆன்மிக அறக்கட்டளை தன் செலவில் சீரமைத்துக் கொடுத்ததால் இந்தப் பெயர் வந்தது.

சென்னையின் தாகம் தீர்க்க மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் தங்கள் கிருஷ்ணா பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1976இல் இசைந்தன. 1983 ஏப்ரலில் எம்.ஜி.ஆர். அரசும் என்.டி.ஆர். அரசும் தெலுங்கு கங்கை ஒப்பந்தம் செய்துகொண்டன. 15 டி.எம்.சி.யில் வழிச்சேதம் 3 போக 12 டி.எம்.சி. எல்லையில் தரப்பட வேண்டும்: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. ஸ்ரீசைலத்தில் புறப்படும் நீர் சோமசிலா, கண்டலேறு அணைகளில் தங்கி வருகிறது. முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996இல். ஒப்பந்தத்தில் எழுதிய அளவு வரவேயில்லை. கண்டலேற்றுக்குக் கீழே கால்வாய் அப்போது பெரும்பாலும் வெறும் மண்கரை; மழைக்குக் கரை சரியும், நீர் கசியும், சரிந்த மண் ஓட்டத்தைத் தடுக்கும்.

இதைச் சீரமைக்க வந்த, புட்டபர்த்தி சத்ய சாய் பாபாவின் (1926–2011) மத்திய அறக்கட்டளைக்குக் குடிநீர் வேலை புதிதல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த அனந்தபூர் மாவட்டத்தில் 1990களின் நடுவில் அது நிறைவேற்றிய குடிநீர்த் திட்டம் எழுநூறுக்கும் மேற்பட்ட ஊர்களைத் தொட்டது. அதற்காக 1999இல் இந்திய அஞ்சல் துறை தபால் தலையே வெளியிட்டது. சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவருவதாக 2002 ஜனவரியில் பாபா அறிவித்தார். கால்வாயை ஆழப்படுத்தி, சரிவுகளைச் செதுக்கி, கரைகளைப் பலப்படுத்தினார்கள். 2004 இறுதியில் சீரமைத்த கால்வாயில் தண்ணீர் பூண்டியை அடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னையில் குழாய்கள் வறண்டு, தெருத்தெருவாக லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசை கட்டி நின்றன.

2007 ஜனவரியில் சென்னையில் பாபாவுக்கு நன்றி பாராட்டு விழா நடந்தது. மேடையில் அருகே அமர்ந்தவர் முதல்வர் கருணாநிதி. பகுத்தறிவுக் கட்சியின் தலைவர் கோபாலபுரம் வீட்டுக்கும் பாபாவை வரவேற்றது பலருக்கு வியப்பு, சிலருக்கு எரிச்சல். தண்ணீர் என்று வந்துவிட்டால் தமிழக அரசியலில் கொள்கை சற்றே ஒதுங்கி வழிவிடும்.

சூழலியல் குறித்து மத அமைப்புகள் அறிக்கை விடுவதும் மரக்கன்று நடுவதும் இன்று வழக்கமாகிவிட்டன. போப் பிரான்சிசின் சுற்றுமடலும் இஸ்தான்புல்லில் வெளியான இஸ்லாமியக் காலநிலை அறிக்கையும் 2015இல் வந்தவை. அவற்றுக்குப் பத்தாண்டுக்கு முன்பே ஓர் அறக்கட்டளை, பேச்சை விட்டு, ஒழுகும் கால்வாயைப் பிடித்துச் சரிசெய்தது என்பதே இதன் தனிச்சிறப்பு. ஆனால் கரையைப் பூசுவதால் பங்கீட்டுச் சிக்கல் தீர்வதில்லை. மண்கால்வாயின் கசிவு சென்னையின் கணக்கில் நட்டம். கரையோரக் கிணறுகளுக்கோ அதுவே ஊற்று. தெலுங்கு கங்கைத் திட்டம் ராயலசீமை, நெல்லூர்ப் பகுதிகளில் 5.75 லட்சம் ஏக்கர் பாசனத்தையும் உத்தேசித்தது. ஆகவே வறண்ட மாதங்களில் கால்வாயில் மோட்டார் வைத்து இறைக்கும் உழவரைத் தமிழகப் பத்திரிகைகள் தண்ணீர்த் திருடர் என்று எழுதும்போது, வாசல் வழியே ஓடும் நீர் தமக்கில்லையா என்ற அவர்கள் கேள்வி விடுபட்டுப்போகிறது. சத்தியவேட்டில் அந்தக் கேள்வி தமிழிலும் எழும். 1960 எல்லைச் சீரமைப்பு வரை அவ்வூர் தமிழகத்தின் செங்கல்பட்டு மாவட்டப் பகுதி.

ஒவ்வொரு முறை தண்ணீர் திறக்கும்போதும் ஜீரோ பாயிண்டில் தமிழக அதிகாரிகள் மலர் தூவி வரவேற்பது வழக்கம். பிறகு கன அடிக் கணக்கு தொடங்கும். அணையில் நீர் இல்லாவிட்டால் பூசிய கரையால் பயனில்லை: 2019 கோடையில் சென்னை ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது கண்டலேற்றிலும் இருப்பு இல்லை. ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் எல்லையை எட்டியது செப்டம்பர் இறுதியில்தான்.