சுங்குரும்பையும் பி. எம்.மும்

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில் உள்ள புக்கிட் மெர்தாஜாமுக்குத் தமிழர் வழக்கில் வேறு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று 'சுங்குரும்பை'. மற்றொன்று 'பி. எம்.' முன்னது முதியோர் நாவிலும், பின்னது இளையோர் நாவிலும் மிகுதியாகப் பயில்வன. ஓர் ஊரைக் குறிக்கும் இவ்விரு பெயர்களும் பிறந்த முறை வேறு வேறு. தமிழாசிரியர்கள் இவ்வேறுபாட்டை மாணவர்க்குக் காட்டுதல் பயனுடைத்து.

அவ்வூரின் ஒரு பகுதிக்குச் சுங்கை ரம்பை என்று பெயர். சுங்கை என்பது ஆறு. ரம்பை என்பது பழமரம் ஒன்றன் பெயர். அம்மலாய்ப் பெயரே தமிழ் நாவில் உருண்டு சுங்குரும்பை ஆயிற்று என்று கொள்வதே பொருந்தும். நன்னூலார் இயல்பு வழக்கு மூன்றனுள் ஒன்றாக வைத்த மரூஉ இதுவே. சோழநாடு சோணாடு ஆனதும், மலையமானாடு மலாடு ஆனதும், அருமருந்தன்ன பிள்ளை அருமந்த பிள்ளை ஆனதும் இவ்வாறே. எவரும் அமர்ந்து ஆராய்ந்து இவற்றை ஆக்கவில்லை. பேசிப் பேசித் தேய்ந்தன.

பி. எம். அத்தகையதன்று. அது நாவால் தேய்ந்ததன்று, எழுதுகோலால் வெட்டப்பட்டது. முழுப்பெயரை முன்னரே அறியாதானுக்கு அது யாதும் உணர்த்தாது. பள்ளிகளில் 'பஹாசா மலாயு' பாடத்துக்கும் பி. எம். என்பதே பெயர், ஆதலின் 'பி. எம். ஆசிரியர்' என்றால் அவ்வூர் ஆசிரியரா, மலாய்மொழி ஆசிரியரா என்று கேட்டே தெளிய வேண்டும்! இவ்வகைச் சுருக்கங்களையும் மரூஉ என்று சொல்லிவிடுவார் உளர். அது பொருந்தாது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல, ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொண்ட குறியாதலின், குழூஉக்குறி என்பதே இதற்கு அணுக்கமான இலக்கணப் பெயர்.

இக்குறிகள் எல்லா மொழியிலும் ஒரே நெறியில் அமைவன அல்ல. ஆங்கிலம் சொற்களின் முதலெழுத்துகளைத் திரட்டி, அவ்வெழுத்துகளின் பெயரையே சொல்லும். இடையில் உயிரெழுத்து வாய்த்தால் ஒரே சொல்லாகவும் ஒலிக்கும். 1946-இல் தோன்றிய அம்னோ இரண்டாம் வகை. மலாய்மொழி பெரும்பாலும் அசைகளைத் திரட்டும். 'செரித்தா பெண்டெக்' என்னும் சிறுகதை 'செர்பென்' ஆயிற்று. 'தாமான் டிடிக்கான் கானாக்-கானாக்' என்னும் பாலர் பள்ளி 'தாடிகா' ஆயிற்று. இவற்றைச் சுருக்கம் என்று இன்று எவரும் நினைப்பதில்லை. இயற்சொற்கள் போலவே வழங்குகின்றன. இன்னொரு வியப்பும் உண்டு. 1951-இல் தோன்றிய 'பாஸ்' கட்சியின் பெயரில் நடுச்சொல் இஸ்லாம். ரோமன் எழுத்தில் சுருக்கின் அது 'பிஸ்' என்றே ஆகியிருக்கும். ஜாவி எழுத்தில் இஸ்லாம் என்னும் சொல் அலிபில் தொடங்குதலின் பாஸ் ஆயிற்று. எந்த வரிவடிவில் சுருக்குகிறோமோ அதுவே சொல்லின் ஒலியை முடிவு செய்கிறது.

தமிழுக்கு இவ்வகையில் ஒரு பேறு உண்டு. நம் உயிர்மெய் தன் உயிரைத் தன்னுள்ளேயே கொண்டது. ஆகவே எதனைச் சுருக்கினும் வாயால் ஒலிக்கத்தக்க ஒரு வடிவம் கிடைத்துவிடும். 1949-இல் தோன்றிய தி. மு. க. புள்ளிகளை இழந்து 'திமுக' என்றே ஓடுகிறது. சுப்புரத்தினதாசன் 'சுரதா' ஆகிப் புனைபெயராகவே நிலைத்தார். மலேசியச் செய்தித்தாள்களில் ம. இ. கா., ம. சீ. ச. ஆகியவை நன்கு வேரூன்றியவை. இவற்றுள் ம. இ. கா. 1946-இல் மலாயா இந்தியர் காங்கிரசாகத் தோன்றியது. 1963-இல் மலேசியா அமைந்தபின் உள்ளிருந்த சொல் மாறிற்று. வெளியே நின்ற 'ம' மாறவில்லை.

ஆங்கில எழுத்துப் பெயர்களைத் தமிழில் எழுதுவதோ பெருந்தொல்லை. செபராங் பிறை நகராண்மைக் கழகம் 2019-இல் மாநகர் மன்றமாக உயர்ந்தது. அதன் தலைமையகம் புக்கிட் மெர்தாஜாமின் பண்டார் பெர்டாவில் உள்ளது. 'பெர்பண்டாரான்' என்பது 'பண்டாராயா' ஆனமையால், மலாய்ச் சுருக்கத்தின் இரண்டாம் எழுத்து மாறிற்று. தமிழில் முன்னும் எம். பி. எஸ். பி.; பின்னும் எம். பி. எஸ். பி.! வல்லொலி மெல்லொலி இரண்டையும் ஒரே பகரத்தால் எழுதும் நமக்கு அவ்வுயர்வு கண்ணுக்குத் தெரியாமலே போயிற்று. நகராண்மைக்கு 'ந', மாநகருக்கு 'மா' என்று நாமே சுருக்கியிருந்தால் இக்குழப்பம் எழாது.

மக்கட் பெயருக்கு வருவோம். பினாங்கு வீதியில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து 'விலாசம்' என வழங்கினர். அக்கால வழக்கில் தமிழ் எழுத்துகளுக்குத் தனிப்பெயர் உண்டு. 'க' என்பது கானா, 'கா' என்பது காவன்னா, 'கு' என்பது கூனா, 'கூ' என்பது கூவன்னா. குறில் நெடில் வேறுபாடு செவிக்கே புலப்படும். கந்தசாமி மகனா, காளிமுத்து மகனா, குப்புசாமி மகனா என்பதை எழுத்தே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இம்மூவரும் 'கே.' என்னும் ஓரெழுத்துள் அடங்கிவிடுகின்றனர். உ. வே. சா., திரு. வி. க. என்று மதிப்போடு சொல்லிப் பழகிய நாம், நம் பிள்ளைகளின் தலைப்பெழுத்தைத் தமிழ் ஏட்டிலும் 'கே.' என்றே எழுதவிடுகிறோம்.

அடையாள அட்டையில் வேறொரு முறை. ஆங்கிலேயர் காலத்து 'எஸ்/ஓ', 'டி/ஓ' சிங்கப்பூரில் இன்றும் காணப்படுகின்றன. மலேசியாவில் அவ்விடத்தில் 'ஏ/எல்', 'ஏ/பி' நிற்கின்றன: அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான், அதாவது மகன், மகள். இம்முறையைக் குறைகூறுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். தலைப்பெழுத்து முறையில் ஓரெழுத்தாய் ஒடுங்கியிருந்த தந்தை, இங்கே முழுப்பெயரோடு எழுதப்படுகிறார். சுருங்கியது உறவைக் குறிக்கும் சொல்லே. நம் 'த/பெ' என்பதும் அதையே செய்வது. வகுப்பின் தமிழ் வருகைப் பதிவேட்டில் 'த/பெ காளிமுத்து' என்றோ, இடமில்லையேல் 'கா.' என்றோ எழுதலாம். 'கே.' என்று எழுத வேண்டிய தேவை அங்கில்லை.