நாராயண சப்தத்தின் ணகாரமும் வேலூர்ச் சீமை வாதமும்

ஜவ்வாது மலைச்சாரலில் அமிர்தி தொடங்கி வடக்கே சோளிங்கர் வரை விரியும் வேலூர்ச் சீமை இன்று தோல் தொழிலால் அறியப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் அது சாஸ்திர வாதத்தால் அறியப்பட்டது. பாலாற்றுக்குத் தெற்கே, ஆரணியை அடுத்த அடையபலத்தில் அப்பைய தீக்ஷிதர். வடக்கே திருக்கடிகையில், சததூஷணிக்குச் சண்டமாருதம் என்னும் உரை வகுத்த தொட்டாசார்ய ஸ்வாமி. ஸ்ரீகண்ட பாஷ்யத்துக்குச் சிவார்க்கமணிதீபிகை இயற்றிய தீக்ஷிதருக்கு வேலூர்ச் சின்ன பொம்ம நாயகன் கனகாபிஷேகம் செய்ததை அடையபலத்தின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறும்.

அக்காலத்துச் சைவ வைஷ்ணவ வாதங்களில் பெரும் பாரத்தைத் தாங்கியவை, இலக்கணம் பயிலத் தொடங்கும் சிறுவன் முதல் ஆண்டிலேயே கற்கும் சில குறியீடுகளே. பெயர் என்பது பொதுவா சிறப்பா, இடுகுறியா காரணமா என்னும் கேள்விகளே அவை.

உபநிஷத்துக்களின் காரண வாக்கியங்கள் ஜகத்காரணத்தை ஸத், ப்ரஹ்மம், ஆத்மா என்று ஓரிடத்திலும், நாராயணன் என்று வேறோரிடத்திலும் ஓதுகின்றன. முன்னவை பொதுச்சொற்கள், பின்னது சிறப்புப்பெயர். பொதுச்சொல் சிறப்புச்சொல்லிலே சென்று முடியவேண்டும் என்பது மீமாம்ஸா ந்யாயம். ஸ்ரீபாஷ்யகாரர் வேதார்த்தஸங்க்ரஹத்தில் இந்நெறியே பற்றிப் பரத்வ நிர்ணயம் செய்தருளினார். ஆனால் நாராயண சப்தமும் வெறும் காரணப்பெயராகி, நாரங்களுக்கு இருப்பிடமான எவரையும் குறிக்கவல்லதானால் அந்நிர்ணயத்தின் அடித்தளமே அசையும். பிரதிவாதிகள் கைவைத்த இடமும் அதுவே. நம்மவர் சிவ சப்தத்தை மங்களம் என்னும் காரணப்பொருளில் கொள்ளும்போது, அவர்கள் நாராயண சப்தத்தை அவ்வாறே கொள்ள முயன்றதில் வியப்பில்லை.

இங்கேதான் ணகாரம் குறுக்கே நிற்கிறது. நார, அயன என்னும் இரு பதங்களும் தொகையாகும்போது அயன சப்தத்தின் நகாரம் இயல்பாக நகாரமாகவே நிற்கவேண்டும். ரேபத்தை அடுத்து நகாரம் ணகாரமாகத் திரியும் விதி ஒரே பதத்துக்குள் செல்லுமேயன்றிப் பத எல்லையைத் தாண்டிச் செல்லாது. தாண்டுவதற்குப் பாணினி 8.4.3ஆம் சூத்திரத்தில் விதித்த நிபந்தனை, அத்தொகை ஸம்ஜ்ஞையாக, அதாவது ஒருவருக்கே உரிய பெயராக இருத்தல். இராவணன் தங்கையின் பெயர் இதற்குத் தெளிந்த உதாரணம். முறம் போன்ற நகமுடைய யாரோ ஒருத்தியைச் சொன்னால் அங்கே நகாரம் திரியாது. சூர்ப்பணகை என்று ணகாரம் வந்தவுடன் அவள் ஒருத்தியே. அவ்வாறே நாராயண சப்தத்தில் கேட்கும் ணகாரம், அது ஸம்ஜ்ஞை என்பதற்குச் சான்றாகிறது. எதிர்த்தரப்பினர் வேறு விதிகளால் ணகாரத்தை வருவிக்க முயன்றனர். இந்த ணத்வம் ஒன்றையே பொருளாகக் கொண்டு இரு தரப்பிலும் தனிநூல்கள் எழுந்தன. ஓரெழுத்துக்கு இத்தனை ஏடுகளா என்று நகைப்பவர், அவ்வெழுத்தின்மேல் ஏற்றப்பட்டிருந்தது எது என்பதை அறியார்.

ஸம்ஜ்ஞை என்றதனால் பொருளற்ற இடுகுறி என்று கொள்ளலாகாது. காரணமும் உண்டு, ஒருவருக்கே உரிமையும் உண்டு. வடநூலார் இதனை யோகரூடி என்பர்; தமிழ் உரையாசிரியர்கள் காரண இடுகுறி என்பர். பங்கஜம் சேற்றில் பிறந்தது என்னும் காரணம் பற்றி வந்தும், சேற்றில் பிறந்த பிறவற்றைக் குறியாமல் தாமரையையே குறிப்பது போல. காரணம் நிற்பதால்தான் பூர்வாசார்யர்கள் அத்திருநாமத்துக்குப் பொருள் விரிக்க இடமுண்டாயிற்று. பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் இத்தொகையை இருவகையாகப் பிரித்தருளுகிறார். நாரங்களுக்கு அயனம் என்று தத்புருஷமாக, நம் வழக்கில் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் அவன் மேன்மை தோன்றும். நாரங்களைத் தனக்கு அயனமாக உடையவன் என்று பஹுவ்ரீஹியாக, நம் அன்மொழித்தொகையாகக் கொண்டால் அவன் எளிமை தோன்றும். பரத்வமும் ஸௌலப்யமும் ஒரே சொல்லில் கிடைப்பது இந்தத் தொகைப் பிரிவினாலேயே. தொகை வகை அறியாத மாணாக்கன் இவற்றை மனப்பாடம் செய்யலாம். ஏன் இரண்டு என்று கேட்டால் விடை சொல்லமாட்டான்.

தமிழில் பாணினியின் இவ்விதி இல்லை. ஆயினும் ஆழ்வார்கள் அத்திருநாமத்தை நாரணன் என்று குறுக்கி அருளியபோதும் ணகாரத்தை விடவில்லை. அச்சுப்பிரதிகளிலும் சுவரொட்டிகளிலும் நாராயனன் என்று றன்னகரம் இடும் வழக்கம் இப்போது மலிந்துவருகிறது. பிழை திருத்துவோர் அங்கே மாற்றவேண்டியது ஓரெழுத்துத்தான். ஆனால் அடையபலத்துக்கும் திருக்கடிகைக்கும் இடையே வாதம் நின்றதும் அவ்வோரெழுத்தின் மேலேயே.