கோணான்குப்பத்துப் பெரியநாயகி: மணிலாச் செய்தி கட்டுக்கதைதானா?

விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் சேசு சபைக் குருவான வீரமாமுனிவர் எழுப்பிய பெரியநாயகி மாதா கோயிலைப் பற்றி ஊரில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. சேலை உடுத்து, கையில் குழந்தையை ஏந்தி, தமிழ்ப்பெண்ணின் சாயலில் நிற்கும் மாதாவை முனிவரே வரைந்தார். அந்தப் படத்தை மயிலாப்பூர் ஆயர் வழியாக மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்பதே அச்செய்தி. ஆய்வாளர்களில் ஒரு சாரார் இதைப் பக்தர்களின் கற்பனை என்று தள்ளிவிட்டனர். அந்த முடிவு அவசரமானது.

அவர்களது ஐயத்தின் வேர் கோணான்குப்பத்தில் இல்லை; முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதிய முனிவர் சரித்திரத்தில் இருக்கிறது. முனிவர் மறைந்து முக்கால் நூற்றாண்டு கழித்து எழுந்த நூல் அது. அதில் முனிவர் நவாப் சந்தா சாகிபின் திவானாகவே வருகிறார். இதை அப்படியே ஏற்க முடியாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் திவான் கதை சாய்ந்தபோது முனிவரைப் பற்றிய வாய்மொழிச் செய்திகள் யாவும் அதனோடு சேர்ந்தே சாய்க்கப்பட்டன. அரசவைப் பெருமை ஊர் ஊராகப் பரவிப் பெருகக்கூடியது. தினமும் விளக்கேற்றும் சுரூபம் எங்கிருந்து வந்தது என்ற நினைவு அத்தகையதன்று.

பெருமைக்காகப் புனைபவர்கள் ரோமாபுரி என்றிருப்பார்கள். லிஸ்பன், கோவா என்றும் சொல்லியிருக்கலாம். உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் மணிலாவின் பெயரால் யாருக்கு என்ன சிறப்பு? ஆனால் அக்காலச் சோழமண்டலக் கரையின் வணிகர்களுக்கு மணிலா அன்றாடப் பெயர். இங்கிருந்து துணி போயிற்று, அங்கிருந்து வெள்ளி வந்தது. சிதம்பரத்துக்கு வடகிழக்கே வெள்ளாற்று முகத்தில் உள்ள பரங்கிப்பேட்டையும் அந்த வணிகத்தில் பங்கு கொண்ட துறைமுகமே. மணிலாவில் பொருளீட்டிச் சென்னையில் குடியேறிய அர்மீனிய வணிகர் பெத்ருஸ் உஸ்கான் 1726-இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டினார். முனிவரின் 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி முடிந்ததாகக் கொள்ளப்படும் ஆண்டும் அதுவே. மணிலாவின் சீனத் தச்சர்களோ மெக்சிகோவுக்கும் ஸ்பெயினுக்கும் சுரூபங்கள் செதுக்கி அனுப்பிப் பேர் பெற்றவர்கள். மயிலாப்பூரில் ஒரு படத்தைக் கொடுத்தால் அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர வழி இருந்தது.

மணிலா ஸ்பானியருடையது, மதுரை மிஷனோ போர்த்துகீசியரின் ஞானாதரவில் இருந்தது என்றொரு தடை சொல்லப்படுகிறது. சரக்குக் கப்பல்கள் அந்த எல்லையைப் பொருட்படுத்தியதில்லை. இதற்கு மேல் பதில் தேவையில்லை.

வலுவான தடை வேறொன்று: சேசு சபைக் கடிதங்களில் இச்செய்திக்குச் சான்று காட்டப்படவில்லை. இந்த மௌனத்தைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். 1704-இல் போப்பின் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் வெளியிட்ட ஆணை, மிஷனரிகள் கைக்கொண்ட உள்ளூர் வழக்கங்கள் பலவற்றைக் கண்டித்தது. ஞானஸ்நானத்தில் பிற சமயத் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டுவதையும் தடுத்தது. அவ்வழக்கங்கள் பற்றிய சர்ச்சை 1744 வரை ஓயவில்லை. கோணான்குப்பத்து மாதாவோ சேலை உடுத்தவள். அவளுக்கு இட்ட பெயரும் விருத்தாசலம் சிவன்கோயில் அம்மனுக்கு வழங்கும் பெரியநாயகி என்ற அதே பெயர். ஆணை குழந்தைகளின் பெயரைப் பற்றியதுதான், கோயிலின் பெயரைப் பற்றியதன்று என்று வாதாட இடமுண்டு. ஆயினும் ரோமின் கண்காணிப்பில் இருந்த ஒருவர் இதைத் தம் கைப்பட எழுதி அனுப்புவார் என்று எதிர்பார்ப்பது எப்படி? கடிதங்களின் மௌனம் மணிலாச் செய்தியை மெய்ப்பிக்காது. பொய்ப்பிக்கவும் அதற்கு வலுவில்லை. இங்கே அது எச்சரிக்கையின் மௌனம் என்று கொள்வதே பொருத்தம்.

இன்று நிற்கும் கட்டடத்தைக் கொண்டு இவ்வழக்கைத் தீர்க்க முயல்வது வீண்வேலை. 1773-இல் சேசு சபை கலைக்கப்பட்டபின் இப்பகுதி மிஷன் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் பிரெஞ்சுக் குருக்கள் வசம் போயிற்று. பின்வந்த தலைமுறைகள் தங்கள் தேவைக்கேற்பக் கோயிலைப் புதுக்கியும் பெருக்கியும் வந்துள்ளன. சுவரின் காலம் சுரூபத்தின் காலமாகாது. கோயில் சுரூபத்துக்காக எழுந்தது என்பதால், தேட வேண்டியதும் சுரூபத்திடமே. அதன் மூலப்பொருள், அடிப்பூச்சு, செதுக்கு முறை ஆகியவற்றை மணிலாப் பட்டறைகளின் 18-ஆம் நூற்றாண்டு வேலைகளோடு ஒப்பிட வேண்டும். வழிபாட்டில் இருக்கும் சுரூபம் என்பதால், பங்கு மக்களின் இசைவு பெற்றே அதைத் தொட வேண்டும்.