வெண்மைக்குள் மறைந்த வெண்மை

எக்ஸ்ரே படம் பொய் சொல்லாது என்று நாம் நம்புகிறோம். பொய் சொல்வதில்லைதான், ஆனால் எல்லாவற்றையும் சொல்வதுமில்லை. மார்பகப் புற்றுநோயைத் தேடும் மேமோகிராமின் வரலாற்றில் இதைக் காண்கிறோம்.

1913இல் பெர்லின் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன் (ஓவியர் ஷார்லட் சாலமனின் தந்தை), அறுவையில் அகற்றப்பட்ட ஏறத்தாழ 3000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து ஆராய்ந்தார். மேமோகிராமுக்கு அதுவே தொடக்கம். எக்ஸ்ரேயில் கொழுப்பு கருமையாகவும், பால்சுரப்பித் திசுவும் நார்த்திசுவும் வெண்மையாகவும் தெரியும். புற்றுக்கட்டியும் வெண்மைதான். கொழுப்பு மிகுந்த மார்பகத்தில் கட்டி பளிச்செனத் தென்படும். திசு அடர்ந்த மார்பகத்திலோ, அது வெள்ளையடித்த சுவரில் சுண்ணாம்பால் எழுதிய எழுத்தாகிவிடும்.

1976இல் டெட்ராய்ட் நகரின் கதிரியல் மருத்துவர் ஜான் உல்ஃப், மார்பகத் திசு அமைப்பை நான்கு வகைகளாகப் பிரித்து, அடர்த்தி மிகுந்தவர்களுக்கே புற்றுநோய் வரும் வாய்ப்பும் அதிகம் என்றார். பிற்கால ஆய்வுகளும் அதை உறுதிசெய்தன. நோய்வாய்ப்பு மிகுந்த இடத்திலேயே கருவியின் பார்வை மங்குகிறது! இந்தச் செய்தி மருத்துவர்களுக்குள்ளேயே புழங்கிற்றேயன்றி, உடலுக்கு உரியவர்களை எட்டவில்லை.

அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தைச் சேர்ந்த நான்சி கப்பெல்லோ 11 ஆண்டுகள் தவறாமல் மேமோகிராம் எடுத்துக்கொண்டவர். ஒவ்வொரு முறையும் குறையொன்றுமில்லை என்றே முடிவு வந்தது. 2004இல் மருத்துவரின் விரல்களுக்குத் தட்டுப்பட்ட தடிப்பு, மீண்டும் எடுத்த மேமோகிராமிலும் தெரியவில்லை, அல்ட்ராசவுண்டில் தெரிந்தது. அதற்குள் நோய் 13 நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருந்தது. தம் மார்பகத் திசு அடர்த்தியானது என்பதையே அவர் அப்போதுதான் அறிந்தார். இதை ஏன் முன்பே தம்மிடம் சொல்லவில்லை என்ற கேள்வியோடு சட்டமன்றத்தின் கதவைத் தட்டினார். 2009இல், திசு அடர்த்தியைப் பரிசோதனை செய்துகொண்ட பெண்ணுக்கே அறிவிக்க வேண்டும் என்ற சட்டத்தை அமெரிக்காவில் முதன்முதலாகக் கனெடிகட் இயற்றியது. பிற மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன. கப்பெல்லோ 2018இல் மறைந்தார். 2024 செப்டம்பர் 10 முதல் அந்நாடு முழுவதற்கும் அது விதியாயிற்று.

மேமோகிராமை ஒதுக்கிவிடலாம் என்பதல்ல இதன் பொருள். பல உயிர்களைக் காத்த கருவி அது. கட்டி தெரியவில்லை என்பதும் கட்டி இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதே நாம் மனங்கொள்ள வேண்டியது. அந்த வேறுபாட்டைப் பெண்களிடமே சொல்லியாக வேண்டும் என்று ஒரு நாடு முழுவதும் விதியாவதற்கு, உல்ஃப் எழுதியதிலிருந்து 48 ஆண்டுகள் ஆயின.