பத்துபஸ்தி: தட்பவெப்பநிலை

பத்துபஸ்தி, அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தெற்கு அந்தமான் மாவட்டத்தில், தலைநகர் போர்ட் பிளேயரை (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) ஒட்டிய குடியிருப்புப் பகுதி. தமிழகத்தில் கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்திலேயே இங்கு மழைக்காலம் தொடங்கிவிடுகிறது. ஆண்டின் வெப்பமான மாதம் ஏப்ரல். ஜூன், ஜூலை மாதங்களின் பகல்கள் அதைவிடத் தணிந்தவை.

வெப்பமும் மழையும்

ஏப்ரலில் போர்ட் பிளேயரின் சராசரி உச்ச வெப்பநிலை 32 முதல் 33 டிகிரி செல்சியஸ்; பருவமழை மாதங்களில் அது 30-ஐ ஒட்டி நிற்கும். மே மாதச் சென்னையில் இதே அளவு 37-ஐத் தாண்டும். தென்மேற்குப் பருவக்காற்று மே 20-ஐ ஒட்டி, கேரளத்தை அடைவதற்குச் சுமார் பத்து நாள் முன்பாகவே, அந்தமான் கடலுக்கு வந்துசேர்கிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர்.

காரணங்கள்

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் சூரியன் இத்தீவின் நேர் உச்சிக்கு வருகிறது. அப்போது வானம் தெளிந்து, காற்றும் தளர்ந்திருப்பதால் புழுக்கம் மிகும். அடுத்த மாதமே மேகம் கூடி வெயிலை மறைத்துவிடுகிறது. கோடையில் தணியும் இன்னொரு கடலோர நகரமான சான் பிரான்சிஸ்கோவில் அந்தக் குளிருக்கு அதன் கடலோரத்தில் மேலெழும் குளிர்நீரும் மூடுபனியும் காரணம். அந்தமான் கடலோ 28 டிகிரிக்கும் மேலான வெதுவெதுப்பான நீர். இங்கே தணிவைத் தருவது மேகமும் மழையும் காற்றும்தான். அடைமழை நாளில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போர்வையைத் தேடுபவர், மழை விட்டு வெயில் எட்டிப்பார்த்ததும் வியர்ப்பார். துவைத்த துணியோ இரண்டு நாளானாலும் ஈரம் உலராது.

இந்திய நேரத்தின் அடிப்படையான தீர்க்கரேகைக்குத் தீவு 10 டிகிரி கிழக்கே இருப்பது மாலை வெயில் சீக்கிரம் தணிவதற்கு ஒரு காரணம். மே மாதத்தில் ஐந்து மணிக்கெல்லாம் விடிந்து, மாலை ஆறுக்குள் பொழுது சாய்கிறது. கடிகாரப்படி வெயில் சீக்கிரமே தணிகிறது.

இடத்துக்கு இடம் மாறும் இதம்

போர்ட் பிளேயர் வட்டாரம் மேடும் பள்ளமுமான நிலம். கடலைப் பார்த்த சரிவில் காற்று நேராக வீசும். மேட்டுக்குப் பின்னே அடைபட்ட பள்ளத்தில் அதே பொழுது புழுங்கும். காங்கிரீட் கூரையும் தார்ச்சாலையும் நெருங்கிய தெரு, மரம் அடர்ந்த தெருவைவிட இரவிலும் சூடாக இருக்கும். வானிலை நிலையத்தின் ஒரே எண்ணில் இந்த வேறுபாடுகள் தெரிவதில்லை.

ஹாரியட் மலை

வேறுபாடு தெளிவாகத் தெரியும் இடம், துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் 350 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஹாரியட் மலை (2021 முதல் மணிப்பூர் மலை). உயரத்தால் மட்டும் உச்சியில் வெப்பம் இரண்டு டிகிரிக்கு மேல் குறையும். அந்தக் குறைவுக்காகவே ஆங்கிலேய நிர்வாகம் அதைக் கோடை இருக்கையாக வைத்துக்கொண்டது. நோயாளிகளுக்கான உடல்நல விடுதி அமைக்க ஏற்ற இடமா என்று பார்க்க 1872 பிப்ரவரி 8 அன்று மலையேறிய வைஸ்ராய் மேயோ பிரபு, அன்று மாலை அடிவாரத்தின் ஹோப்டவுன் படகுத்துறையில் ஷேர் அலி என்ற கைதியால் குத்திக் கொல்லப்பட்டார்.