கோல் விருதும் வாவிக்கரை வீரர்களும்

தேசிய லீக்கில் அதிக கோல் போட்ட வீரருக்கு விருது வழங்குவது உலகெங்கும் நிலவும் வழக்கமாகும். ஐரோப்பிய லீக்குகள் அனைத்துக்கும் பொதுவான தங்கப் பாதணி விருது 1967-68 பருவகாலத்தில் ஆரம்பமானது. மொசாம்பிக்கில் பிறந்து போர்த்துக்கலுக்காக ஆடிய யுசேபியோ, 42 கோல்களுடன் அதனை முதலில் வென்றார்.

இவ்விருது சர்ச்சைக்கும் உள்ளானது. 1986-87இல் ருமேனியாவின் ரொடியன் கமட்டாரு 44 கோல்களுடன் முதலிடம் பெற்றபோது, பருவகாலத்தின் இறுதி ஆட்டங்களில் எதிரணிகள் அவருக்கு விட்டுக்கொடுத்தன என்ற சந்தேகம் எழுந்தது. இரண்டாமிடம் பெற்ற ஒஸ்திரியாவின் டோனி போல்ஸ்டருக்கும் பின்னர் அவ்விருது வழங்கப்பட்டது. 1996-97 முதல் முன்னணி லீக்குகளின் கோல் ஒன்றுக்கு 2 புள்ளிகளும், ஏனையவற்றுக்கு அதனிலும் குறைவாகவும் கணக்கிடப்படுகின்றன. எண்ணிக்கையுடன் ஆட்டத்தின் தரமும் நோக்கப்படுகிறது.

நம் நாட்டின் குறை வேறு வகையானது. 2021ஆம் ஆண்டு நடைபெற்ற சுப்பர் லீக்கில் 10 கழகங்கள் பங்குபற்றின. கிழக்கு மாகாணக் கழகம் ஒன்றேனும் அவற்றுள் இருக்கவில்லை. மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் தம் கழகத்துக்காக ஆடிய இளைஞர் எத்தனை கோல் போட்டிருந்தாலும், அந்த லீக்கின் பட்டியலில் அவை சேர வழியிருக்கவில்லை.

மாவட்ட லீக் ஆட்டங்களின் கோல்கள் மத்தியஸ்தரின் கையொப்பத்துடன் பதியப்பட வேண்டும்; தேசிய அணித் தெரிவில் அப்பதிவுகள் கவனிக்கப்பட வேண்டும். மாகாணக் கழகங்களுக்குத் தேசிய லீக்கில் இடம் வேண்டும். தமிழ், முஸ்லிம் இளைஞர் இருசாராருக்கும் பொதுவான இக்கோரிக்கையை இரு சமூகத்தாரும் ஒருமித்து முன்வைப்பதே பயன் தருமென நாம் கருதுகின்றோம்.