எஸ்ஆஃபிஸ் யார் பெயரில் இருக்கிறது? ஒரு பிழைச்செய்திக்கு உரை

மூலம்:

டிபிகேஜி: ஓப்பன்ஆஃபிஸ்-டெபியன்-மெனுஸ் தொகுப்பைக் கையாள்வதில் பிழை:
'/யுஎஸ்ஆர்/பின்/எஸ்ஆஃபிஸ்' மீது எழுத முயற்சி. அது லிப்ரேஆஃபிஸ்-காமன் 1:7.3.7 தொகுப்பிலும் உள்ளது
டிபிகேஜி-டெப்: பிழை: துணைச்செயல் கொல்லப்பட்டது (உடைந்த குழாய்)
கையாளும்போது பிழைகள் நேர்ந்தன: ஓப்பன்ஆஃபிஸ்-டெபியன்-மெனுஸ்

திரையில் ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் தந்திருக்கிறேன். வந்த இடம் எம்.ரெட்டியபட்டியில் என் அக்கா வீட்டு லேப்டாப். லிப்ரே ஆஃபிஸ் ஏற்கெனவே இருந்த அதில் அக்கா மகன் ஓப்பன் ஆஃபிஸையும் நிறுவப் போனபோது வந்தது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த மெஷின் அது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் பல வீடுகளில் இன்னும் ஒன்று கிடக்கும். அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. இந்த மெஷினில் இப்போது இருப்பது லுபுண்டு. அதுவும் டெபியன் வழிதான் என்பதால் இரண்டிலும் இதே செய்திதான் வரும்.

'டிபிகேஜி' என்பது டெபியன் வகை லினக்ஸில் மென்பொருளைத் தொகுப்புகளாக (பேக்கேஜ்) நிறுவுகிற அடிப்படை நிரல். ஒவ்வொரு கோப்பும் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற பதிவேடும் இதனிடம்தான். முதல் வரியில் பிழை என்றதும் கெட்டுவிட்டது என்று பதற வேண்டியதில்லை. இது மறுப்பு மட்டுமே. எழுதத் தொடங்கியதையும் பின்வாங்கி, பழைய கோப்பை இருந்தபடியே விட்டுவிடும்.

செய்தியின் உயிர் இரண்டாம் வரியில் இருக்கிறது. எந்தக் கோப்பு, யாருடையது என்ற இரண்டையும் சொல்லிவிடுகிறது. ஆனாலும் இந்த வரியைப் படிக்காமலேதான் பலரும் கூகுளுக்கு ஓடுகிறார்கள்.

ஓப்பன் ஆஃபிஸ், லிப்ரே ஆஃபிஸ் என்ற இரண்டு அலுவலக மென்பொருளும் ஏன் ஒரே கோப்பைக் கேட்கின்றன? ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் உருவாக்கிய ஸ்டார் ஆஃபிஸை 1999-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வாங்கியது. அடுத்த ஆண்டு அதன் மூலநிரல் ஓப்பன் ஆஃபிஸ் என்ற பெயரில் பொதுவுக்கு வந்தது. 2010-ல் சன்னை ஆரக்கிள் வாங்க, அந்த ஆண்டு செப்டம்பரில் நிரலாளர்களில் ஒரு பெரிய கூட்டம் பிரிந்துபோய் லிப்ரே ஆஃபிஸைத் தொடங்கியது. 2011-ல் ஓப்பன் ஆஃபிஸை ஆரக்கிள் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. பிரிந்த இருவருமே நிரலைத் திறக்கும் கட்டளைக்கு ஸ்டார் ஆஃபிஸ் காலத்து 'எஸ்ஆஃபிஸ்' என்ற பெயரையே வைத்துக்கொண்டார்கள். தாத்தா பெயரில் கிடக்கும் பட்டாவை இரண்டு பங்காளிகளும் நீட்டுகிற வழக்கு இது. பதிவேட்டை வைத்திருக்கும் டிபிகேஜி, முதலில் பதிந்தவர் பக்கம் நிற்கிறது.

'1:7.3.7' என்பதில் முன்னால் நிற்கும் ஒன்று, பதிப்புகளின் முன்பின் வரிசையைக் காக்கத் தொகுப்பாளர்கள் சேர்ப்பது. நம் வழக்குக்கு வேண்டாதது.

இங்கே இணையம் சொல்லும் வைத்தியம் '--ஃபோர்ஸ்-ஓவர்ரைட்'. வலுக்கட்டாயமாக மேலே எழுது என்று உத்தரவு போடுவது. உடனே வேலை முடிந்த மாதிரி இருக்கும். அடுத்த முறை லிப்ரே ஆஃபிஸ் புதுப்பிப்பு வரும்போது இதே செய்தி பெயர்கள் இடம் மாறி வரும். ஓப்பன் ஆஃபிஸை நீக்கினாலோ, அந்தக் கோப்பும் கூடவே போய்விடும்; லிப்ரே ஆஃபிஸ் இருக்கும், அதைத் திறக்கிற 'எஸ்ஆஃபிஸ்' கட்டளை இருக்காது. இந்த வைத்தியத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை.

மூன்றாம் வரிதான் பயமுறுத்துவது. "மாமா, குழாய் ஒடைஞ்சு போச்சுன்னு வருது" என்றுதான் அக்கா மகன் போனில் ஆரம்பித்தான். குழாய் உடைந்தால் நாலு நாளைக்குத் தண்ணீர் வராத பக்கத்தில் வளர்ந்தவனுக்கு அந்த வார்த்தை உறைக்கத்தான் செய்யும். நடந்தது இவ்வளவே: தொகுப்பைப் பிரித்து உள்ளே இருப்பதை அனுப்புவது டிபிகேஜி-டெப், வாங்கி வட்டில் எழுதுவது டிபிகேஜி. வாங்குகிறவர் வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டதால் அனுப்புகிறவரின் வேலையும் அறுந்தது. இரண்டாம் வரி காரணம், இது அதன் விளைவு. இதைத் தனியாகத் தேடினால் உடைந்த கோப்பு, பழுதான வட்டு என்று சம்பந்தமில்லாத பதில்களாகக் கிடைக்கும்.

நான்காம் வரி, நிறுவ முடியாமல் போனவற்றின் பட்டியல். இங்கே ஒரே பெயர்தான். அதாவது ஓப்பன் ஆஃபிஸின் மற்றத் தொகுப்புகள் ஏற்கெனவே '/ஆப்ட்/ஓப்பன்ஆஃபிஸ்4' அடைவில் உட்கார்ந்துவிட்டன. தோற்றது மெனுவில் படம் காட்டும் சின்னத் தொகுப்பு மட்டும். அந்த அடைவுக்குள் 'புரோகிராம்' என்பதில் இருக்கும் எஸ்ஆஃபிஸை முழு முகவரியோடு இயக்கினால் ஓப்பன் ஆஃபிஸ் திறக்கும். லிப்ரே ஆஃபிஸும் தன் இடத்தில் இருக்கும். சந்தேகமிருந்தால் டிபிகேஜி கட்டளையோடு பெரிய எஸ் சேர்த்து, கோப்பின் முகவரியைக் கொடுத்துக் கேட்கலாம். உரிமையாளர் பெயரைச் சொல்லிவிடும்.

"அதான் லிப்ரே ஆஃபிஸ் இருக்கே மாப்ள, இது எதுக்கு?" என்று கேட்டேன். பிளஸ் ஒன் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தில் ஓப்பன் ஆஃபிஸ் ரைட்டர் என்றுதான் போட்டிருக்கிறதாம். உண்மைதான், 2018-ல் வந்த அந்தப் பாடநூல் அதைத்தான் கற்பிக்கிறது. ஓப்பன் ஆஃபிஸோ 2014-ல் தொடங்கிய 4.1 வரிசையிலேயே நிற்கிறது. ஓடிடி வகை ஆவணக் கோப்பை இரண்டுமே திறக்கும், சேமிக்கும். மெனுக்கள் இங்கொன்றும் அங்கொன்றுமாக இடம் மாறியிருக்கும். செய்முறைத் தேர்வு பள்ளிக்கூடத்து மெஷினில் நடக்கும் என்பதால், பள்ளியில் எது நிறுவியிருக்கிறது என்று வாத்தியாரிடம் கேட்டுவரச் சொன்னேன். லிப்ரே ஆஃபிஸ் என்றால், வீட்டு லேப்டாப்பில் ஓப்பன் ஆஃபிஸ் தொகுப்புகளை 'ஏப்ட் ரிமூவ்' கட்டளை கொடுத்து நீக்கிவிடலாம்.